கெட்டிக்காரப் பிள்ளையைத் தனிமைப்படுத்திப் போருக்குப் பழக்குவது: எப்படி நடக்கிறது, ஏன் பலிக்கிறது, பிறகு என்ன செய்வது

கேள்வி இதுதான்: கதைகளில் வருவதுபோல, அபார மூளையுள்ள ஒரு குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து, சக பிள்ளைகளிடமிருந்தும் ஒதுக்கி, விளையாட்டு என்று சொல்லியே போர்ப் பயிற்சி கொடுப்பது உண்மையில் நடக்குமா? அவ்வளவு அறிவுள்ள குழந்தைக்குத் தன்னை ஆட்டிவைக்கிறார்கள் என்பது எப்படித் தெரியாமல் போகும்? அதிலிருந்து மீள முடியுமா?

நடக்கும். பல நூற்றாண்டுகளாக, பல நாடுகளில், அரசாங்கமே முன்னின்று நடத்தியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முக்கியம்: அறிவு அந்தக் குழந்தையைக் காப்பாற்றுவதில்லை. பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியே அந்த அறிவுதான்.

முதலில் வரலாறு. பண்டைக் கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவில் ஆண்பிள்ளைகளை 7 வயதில் வீட்டிலிருந்து எடுத்துக் கூட்டங்களாகப் பிரித்தார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அவர் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும், இருப்பவர்களில் நிதானமும் துணிவும் அதிகமுள்ள பையனே தலைவன். மற்றவர்கள் அவன் சொல்லைக் கேட்டு, அவன் கொடுக்கும் தண்டனையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 12 வயதானால் உள்ளாடை கிடையாது, ஆண்டு முழுவதற்கும் ஒரே ஒரு மேலாடை. படுக்கையை அவர்களே செய்துகொள்ள வேண்டும்: யூரோட்டாஸ் ஆற்றங்கரை நாணலைக் கத்தி இல்லாமல் வெறுங்கையால் ஒடித்துப் பரப்ப வேண்டும். சாப்பாட்டை வேண்டுமென்றே குறைத்தார்கள், திருடித் தின்னட்டும் என்று. அகப்பட்டால் அடி, அந்த அடி திருடியதற்கு அல்ல, அகப்பட்டதற்கு. இதே ஸ்பார்ட்டாவில் அரியணைக்கு வாரிசாக இருந்த பிள்ளைக்கு மட்டும் இந்தப் பயிற்சியிலிருந்து விலக்கு உண்டு என்பதையும் அவரே சொல்கிறார்.

கேள்விக்கு இன்னும் நெருக்கமானது ஒட்டோமான் பேரரசின் தேவ்ஷிர்மே முறை. பால்கன் பகுதிக் கிறிஸ்தவக் கிராமங்களிலிருந்து சிறுவர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரே மகன் என்றால் எடுப்பதில்லை, மணமானவனை எடுப்பதில்லை என்பது விதி. அதனாலேயே சில பெற்றோர் சின்னப் பையன்களுக்கு அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள். எடுத்த பிள்ளைகளுக்குச் சிவப்பு உடையும் தொப்பியும் மாட்டித் தலைநகருக்கு நடத்திச் செல்வார்கள். வழியில் யாராவது ஓடினால் வயல்வெளியில் தூரத்திலிருந்தே தெரியும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தரம்பிரிப்பு. பெரும்பாலானவர்களை அனதோலியாவின் துருக்கிக் குடியானவர் வீடுகளுக்கு அனுப்புவார்கள். சில ஆண்டுகள் வேலை செய்து, மொழியும் மதமும் பழகிய பிறகு சுல்தானின் காலாட்படையான யானிசேரிப் படையில் சேர்ப்பார்கள். மிகச் சூட்டிகையானவர்களை மட்டும் அரண்மனைப் பள்ளியான எண்டெருனுக்கு எடுத்துக்கொள்வார்கள். போஸ்னியாவிலிருந்து அப்படி எடுக்கப்பட்ட சோகொல்லு மெஹ்மத் பாஷா 1565 முதல் 1579 வரை தலைமை அமைச்சராக இருந்தார். பிறந்த மண்ணில், விஷெகிராட்டில், திரினா ஆற்றின்மேல் அவர் கட்டுவித்த பாலம் இன்றும் நிற்கிறது. அதை வடிவமைத்த சினானும் இதே முறையில் எடுக்கப்பட்டவர்தான். "பார், எவ்வளவு உயர்ந்தார்கள்" என்று இந்த முறைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. உயர்ந்தது உண்மை. அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

ரஷ்யாவில் முதலாம் நிக்கோலஸ் 1827-இல் யூதர்களுக்கும் கட்டாய ராணுவச் சேவையை நீட்டினார். 12 வயதுப் பையன்களைக்கூட, சிறுவர்களைப் படைக்குத் தயார்செய்யும் கன்டோனிஸ்ட் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். 25 ஆண்டுச் சேவைக் கணக்கு 18 வயதில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய ஆண்டுகள் கணக்கில் வராது. 1856-இல்தான் இந்தச் சிறுவர் சேர்ப்பு ஒழிந்தது. நாஜி ஜெர்மனியில் 1933-இல் தொடங்கிய நப்போலா விடுதிப் பள்ளிகள் 10 வயதிலேயே தேர்ந்தெடுத்தன. படிப்பு, உடல்தகுதி, இன அடையாளம் என்று பார்த்ததோடு 'துணிவுச் சோதனை'யும் வைத்தார்கள்: கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத உயரத்திலிருந்து, சொன்னதும் குதிக்க வேண்டும். அந்தச் சோதனை அளப்பது துணிவை அல்ல, யோசிக்காமல் கீழ்ப்படிவதை. கடைசி மாதங்களில் அந்தப் பிள்ளைகளில் பலரைச் சண்டைக்கே அனுப்பினார்கள்.

இனி இது எப்படி வேலை செய்கிறது என்பது. பெற்றோரும் ஆசிரியர்களும் அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே இதை விரித்துச் சொல்கிறேன்.

பொறுக்கும்போது மூளை மட்டும் போதாது. பெரியவர்களின் பாராட்டுக்கு ஏங்குகிற பிள்ளை, யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்ற பாரத்தைச் சுமக்கிற பிள்ளை, ஏற்கெனவே தனியாக இருக்கிற பிள்ளை — இவர்கள்தான் வேண்டும். மூன்றாவது வகை எளிதில் கிடைக்கும். லீட்டா ஹோலிங்வொர்த் என்ற உளவியலாளர் நுண்ணறிவு எண் 180-க்கு மேல் இருந்த குழந்தைகளை நுணுகி ஆராய்ந்தார். அந்த நூல் அவர் மறைவுக்குப் பின் 1942-இல் வெளிவந்தது. 125 முதல் 155 வரை உள்ள பிள்ளைகள் நன்றாகப் பழகிவிடுகிறார்கள், அதற்கு மேலே போகப்போகச் சம வயதில் தோழர் கிடைப்பது கடினமாகிறது என்பது அவர் கண்டது. அதாவது, தனிமைப்படுத்தும் வேலையில் பாதி, பயிற்சியாளர் வருவதற்கு முன்பே முடிந்திருக்கிறது.

மீதிப் பாதியை அடித்துச் செய்வதில்லை, புகழ்ந்து செய்கிறார்கள். புதிதாக வந்த நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் களைப்பு, வீட்டு ஞாபகம், பயம். பயிற்சியாளர் ஒரு பையன் முன்னால் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "இந்த வரிசையில் மூளை இருப்பது இவன் ஒருத்தனுக்குத்தான். மற்றவர்கள் இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். அவ்வளவுதான். அந்தப் பையன் எதுவும் செய்யவில்லை, யாரையும் சீண்டவில்லை. ஆனால் அன்று இரவு படுக்கையில் அவனோடு பேச ஆளில்லை. மறுநாள் யாராவது அவன் காலைத் தட்டிவிடுவார்கள். பெரியவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள். அவனுக்கு இப்போது ஒரே ஒரு துணைதான்: தன்னைப் புகழ்ந்த அந்தப் பெரியவர். தன்னைத் தனிமைப்படுத்தியவரே தனக்கு ஒரே ஆதரவு என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் தப்பாக எதுவுமே தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளையைப் பாராட்டினார், அவ்வளவுதானே என்பார்கள்.

பிறகு அந்தப் பாராட்டையும் நிறுத்துவார்கள். காரணம் சொல்லாமல் இரண்டு வாரம் முகம் கொடுக்க மாட்டார்கள். பிறகு திடீரென்று ஒரு நல்ல வார்த்தை. எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதிக்காகத்தான் உயிரினம் அதிகமாக உழைக்கும், அதைத்தான் கைவிடத் தாமதிக்கும் என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். குழந்தையிடம் இது இன்னும் ஆழமாக இறங்கும், ஏனென்றால் அது காரணத்தைத் தன்னிடம் தேடும். கெட்டிக்காரப் பிள்ளை என்றால் கட்டாயம் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தே தீரும்.

கடிதம், தொலைபேசி, விடுமுறை ஆகியவற்றைக் குறைப்பது எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரேயடியாகத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துவார்கள், படித்துவிட்டுக் கொடுப்பார்கள், அல்லது தேவைப்படும் நேரத்தில் மட்டும் வீட்டுப் பாசத்தை ஒரு கருவியாக எடுத்துப் பயன்படுத்துவார்கள். தூக்கம் குறையும், விதிகள் அடிக்கடி மாறும். வென்றால் எதிரணிக்குச் சலுகை கொடுத்து மறுபடி மோதவிடுவார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே பாடம் இருக்கிறது: எவ்வளவு மோசமானாலும் எந்தப் பெரியவரும் உன்னைக் காப்பாற்ற வரமாட்டார். அதை அந்தக் குழந்தை நம்பிவிட்டால் பயிற்சி முடிந்தமாதிரி.

விளையாட்டு என்று சொல்வது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் 1961-இல் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் பெரியவர்களை வைத்துச் செய்தவைதான், ஆனால் இதற்கு நேராகப் பொருந்தும். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பியவர்களில் 40-க்கு 26 பேர் கட்டளைப்படி கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அவரை அதே அறையில் உட்காரவைத்தபோது 16 பேர். அவர் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றபோது 12 பேர். விசையை இன்னொருவர் அழுத்த, தாம் துணை வேலையை மட்டும் பார்த்தால் போதும் என்றபோதோ 37 பேர் கடைசிவரை போனார்கள். தூரம் கூடக்கூடக் கை கூசுவதில்லை. ஒரு திரையும் சில புள்ளிகளும் அந்தத் தூரத்தை முழுமையாக்கிவிடும். எதிராளியின் மனத்துக்குள் புகுந்து யோசிக்கத் தெரிந்த குழந்தைக்கு இரக்கமும் இருக்கும். இரண்டும் ஒரே திறமையின் இரண்டு பக்கங்கள். பயிற்றுநருக்கு முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டாம். விளையாட்டு என்ற பொய் அந்த இரண்டையும் பிரித்துக் கொடுக்கிறது.

சரி, அந்தக் குழந்தைக்கு ஏன் தெரிவதில்லை? பெரும்பாலும் தெரிகிறது என்பதே என் பதில். தெரிந்தாலும் விடுபட முடிவதில்லை. மீத்திறன் குழந்தைகளின் வளர்ச்சி ஒத்திசைவில்லாதது என்ற வரையறையை 1991-இல் கொலம்பஸ் குழு என்ற கல்வியாளர் குழு முன்வைத்தது: கணக்கில் பதினேழு வயது, படிப்பில் பதினாலு வயது, அம்மா வேண்டும் என்பதில் எட்டு வயது, எல்லாம் ஒரே உடம்பில். தகவலைக் கோத்துப் பார்க்கத் தெரியும். பெரியவர்களின் உள்நோக்கத்தை எடைபோடுவதற்கு அனுபவம் வேண்டும், அது மூளையால் வராது. இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. தன்னைச் சோதிக்கிறார்கள் என்று கண்டுபிடித்த பிள்ளை, அந்தச் சோதனையைத் தோற்கடிக்கக் கிளம்புகிறது. ஆசிரியர்களின் சூழ்ச்சியை முறியடித்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறது. ஆனால் அது ஓடுவது அவர்கள் போட்ட தடத்தில்தான். விளையாட மாட்டேன் என்பது ஒன்றுதான் தப்பிக்கும் வழி. வெல்வதே தன் மதிப்பு என்று பழக்கப்பட்ட குழந்தைக்கு அந்த வழி கண்ணிலேயே படாது.

இதனால் நல்ல தளபதியாவது கிடைக்கிறாரா? இதை நியாயப்படுத்துகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். முல்லரும் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தோல்விக்குப் பிறகு சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை மற்ற மாணவருக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது கூட்டிச் சொன்னவர்களும், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்களைவிட இவர்களில் மிக அதிகம். தவறை மறைக்கிறவரிடம் ஒரு படையைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. உறவே இல்லாமல் வளர்த்தால் சுல்தானுக்கு மட்டும் விசுவாசமாக இருப்பார்கள் என்று உருவாக்கிய யானிசேரிகள், தங்களுக்குள் ஒரு குலம்போல இறுகினார்கள். 1622-இல் சுல்தான் இரண்டாம் உஸ்மானைக் கவிழ்த்தார்கள்; அவர் கொல்லப்பட்டார். 1826-இல் அந்தப் படையை ஒழிக்கப் பீரங்கி வைத்துச் சுட வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு நேர்வது வேறு. நம்பிய அதிகாரமே பெரிய விஷயத்தில் துரோகம் செய்யும்போது ஏற்படும் காயத்தை ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990-களில் 'அறக்காயம்' என்று பெயரிட்டு எழுதினார். இது பயத்தால் வரும் காயத்திலிருந்து வேறுபட்டது. பயம் "எனக்கு என்ன ஆகும்" என்று கேட்கும். இது "நான் என்ன ஆகிவிட்டேன்" என்று கேட்கும். உகாண்டாவின் டொமினிக் ஓங்வென் சிறுவனாகப் பள்ளிக்குப் போகும் வழியில் கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டு, அதே படையில் தளபதியாக உயர்ந்தவர். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021-இல் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 25 ஆண்டுச் சிறை விதித்தது. கடத்தப்பட்ட கதையைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொண்டது, குற்றத்தை அழிக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. எளிதான பதில் இல்லாத இடம் இது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 வயதுக்கு உட்பட்டவரைப் படையில் சேர்ப்பது, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சட்டப்படி போர்க்குற்றம். அதற்காக காங்கோவின் தாமஸ் லுபாங்கா 2012-இல் 14 ஆண்டுத் தண்டனை பெற்றார். குழந்தை உரிமை உடன்படிக்கையின் 2000-ஆம் ஆண்டு விருப்ப நெறிமுறை, 18 வயதுக்கு உட்பட்டவரைக் கட்டாயமாகச் சேர்ப்பதைத் தடுக்கிறது. அரசுப் படையில் இருக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர் நேரடிச் சண்டையில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பையும் அரசின்மேல் வைக்கிறது. விருப்பத்தின்பேரில் சேர்வதற்கான குறைந்தபட்ச வயதை 15-க்கு மேலே உயர்த்தச் சொல்கிறது, பெற்றோரின் முழு அறிவோடு கூடிய சம்மதமும் கேட்கிறது. ஆனால் அதன் 3-ஆம் பிரிவின் 5-ஆம் பத்தி, ராணுவம் நடத்தும் பள்ளிகளுக்கு அந்த வயது உயர்த்தல் பொருந்தாது என்கிறது. இந்தக் கேள்வியில் வரும் குழந்தை நுழையும் வாசல் சரியாக அதுதான்.

எல்லா ராணுவப் பள்ளியும் இப்படி என்று சொல்லவில்லை. கடுமையும் ஒழுங்கும் தம்மளவில் கெடுதல் அல்ல. பிரித்தறிய நான் பார்ப்பவை இவை: யாரும் படிக்காத கடிதம், யாரும் கூட உட்காராத சந்திப்பு கிடைக்கிறதா? அவமானப்படுத்தாமல் வெளியேறும் வழி இருக்கிறதா, அதைப் பிள்ளையிடமே நேரில் சொல்லியிருக்கிறார்களா? பயிற்சியாளருக்குக் கீழ்ப்படியாத மருத்துவரோ ஆலோசகரோ ஒருவராவது உண்டா? இவன் சாதாரணமாக இருக்க, தோற்க, முட்டாள்தனம் பண்ண வாரத்தில் ஒரு மணி நேரமாவது உண்டா? இதில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலே விசாரிக்க வேண்டும். இரண்டுக்கு 'இல்லை' என்றால் பிள்ளையை அழைத்து வந்துவிடுங்கள். "ஆனால் அவன் ரொம்ப நன்றாகச் செய்கிறானே" என்பார்கள். நன்றாகச் செய்வது சம்மதம் ஆகாது.

மீட்சிக்கு நல்ல சான்று இருக்கிறது. மொசாம்பிக்கில் 1988-இல், முன்னாள் சிறார் படையினருக்கான லங்கேனே மையத்துக்கு வந்த 39 சிறுவர்களை ஆய்வாளர்கள் 16 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். படையில் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாக நினைத்தார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் இருந்தவர்கள் தங்களை அந்தப் படையின் ஆட்களாகவே நினைத்தார்கள். ஆகவே காலம் மிக முக்கியம். எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பெரும்பாலானவர்கள் பின்னாளில் குடும்பம், வேலை என்று நிலைகொண்டார்கள். ஊர் ஏற்றுக்கொண்டதும் சடங்குகள் செய்து சேர்த்துக்கொண்டதும் உதவின. சியரா லியோனில் தெரசா பெட்டன்கோர்ட் 2002 முதல் நடத்திய நீண்ட ஆய்வும், குடும்பமும் ஊரும் ஏற்பதும் பள்ளிக்குத் திரும்புவதும் பெரிய வித்தியாசம் செய்வதைக் காட்டியது. வடக்கு உகாண்டாவில் 85 முன்னாள் சிறார் படையினரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீட்டுக்கே போய் எட்டு அமர்வுகளில் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லவைத்த சிகிச்சை பலன் தந்தது.

நடைமுறையில், முதல் சில வாரங்கள் தூக்கம், சாப்பாடு, ஒரே மாதிரியான அன்றாடம். கேள்வி கேட்காதீர்கள். கதவைப் பார்த்து உட்கார்கிறதா, விளக்கோடுதான் தூங்குகிறதா, அப்படியே விடுங்கள். வீட்டு வேலை கொடுங்கள், அதில் புகழாதீர்கள், "நன்றி" போதும். அதன் திறமையைப் பிடுங்கவும் கூடாது, உடனே வேறொரு மேடையில் ஏற்றவும் கூடாது. சதுரங்கப் போட்டிக்கோ கணித ஒலிம்பியாடுக்கோ அனுப்பி "உன் மூளை வீணாகக் கூடாது" என்றால், அதே பயிற்சியாளர் வேறு சட்டையில் வந்துவிட்டார் என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்ளும். ஓராண்டாவது போகட்டும். சம வயதில் ஒரே ஒரு தோழன் கிடைத்தால் அது பல அமர்வுகளுக்குச் சமம்.

குடும்பங்கள் அடிக்கடி செய்யும் பிழை, போன பிள்ளையே திரும்பி வந்ததுபோல் நடத்துவது. ஆறு வயதில் பிடித்த பலகாரம், பழைய செல்லப்பெயர். அந்தப் பழைய பிள்ளை தனக்குள் இல்லை என்பது திரும்பி வந்த பிள்ளைக்குத் தெரியும். பெற்றோருக்காக நடிக்கத் தொடங்கும், நன்றாகவும் நடிக்கும். இன்னொரு பிழை, வீரன் என்றோ பலியாடு என்றோ ஏதாவது ஒரு பெயர் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்லவைப்பது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, நாள்கணக்கில் தூங்காமல் இருப்பது தெரிந்தால் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒருநாள் அது கேட்கும்: "நான் செய்தது தப்பா?" "உன் தப்பே இல்லை" என்று அவசரமாகச் சொல்லாதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை அந்த ஆறுதலை நம்பாது. நம்பாததோடு, இந்தப் பெரியவரும் சமாதானம் சொல்கிறார் என்று உங்களையும் விலக்கிவிடும். முடிந்தால் ஆலோசகரும் உடனிருக்க, ஒரு தாளை எடுத்து, மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரியுங்கள்: அப்போது எனக்குத் தெரிந்தது, என்னிடம் மறைத்தது, எனக்கு வேறு வழி இருந்ததா, நானாகச் செய்தது. அதுவே எழுதட்டும். முதல் மூன்று பத்திகளும் நீளும். நான்காவது சிறியதாக இருக்கும், ஆனால் காலியாக இருக்காது. அந்த நான்காவது பத்தியை நீங்கள் அழிக்கப் பார்க்கக் கூடாது. யாருக்காவது ஈடுசெய்ய வேண்டும் என்று அது நினைத்தால் வழி தேடிக் கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால், எழுந்து போய்விடாமல் சாப்பாட்டு நேரம் வரை நீங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.